பென்சிலால் போட்ட எஸ்

பிள்ளை, போன கிழமை நீ வவுனியாவிலிருந்து எடுத்தபோது, சந்தைக்குப் பக்கத்துத் தொலைபேசி நிலையத்தில் எனக்குப் பின்னால் நாலு பேர் முறைக்கு நின்றார்கள். அதனால்தான் உன் கேள்விக்கு நான் பதில் சொல்லவில்லை என்று நினைத்திருப்பாய். அது உண்மையில்லை. "திரும்ப எடுத்தால் கெமிஸ்ரிக்கு எனக்கு என்ன வருமப்பா? உங்களுக்குத்தானே தெரியும்" என்று கேட்டாய். உயர்தர வகுப்புக்கு இருபது வருடத்துக்கு மேலாக இரசாயனவியல் படிப்பிக்கிற ஒருவனிடம் கேட்கக்கூடிய நியாயமான கேள்விதான். "யோசிச்சுச் சொல்லுறன்" என்று வைத்துவிட்டு, காசைக் கொடுத்துவிட்டு, சைக்கிளை உருட்டிக்கொண்டே வீடு வந்தேன். ஏறி ஓட்ட மனம் வரவில்லை. அன்றிலிருந்து யோசித்ததைத்தான் இங்கே எழுதுகிறேன். உறையை ஒட்டாமல் அனுப்புகிறேன். உன் சின்னம்மா வாசிக்கட்டும்; நீ வேலை செய்யும் மருந்துக்கடை முதலாளி நானா வாசித்தாலும் பரவாயில்லை. பாடசாலை ஆண்டு மலருக்கும் ஒரு பிரதி கொடுத்திருக்கிறேன். போடுவதும் விடுவதும் அவர்கள் இஷ்டம். உன்னைப் பற்றி நான் முன்பு எழுதிய ஒன்று பாடசாலை முழுவதும் பார்க்கத் தொங்கியது. அதைப் பற்றி இப்போது எழுதுவதை மட்டும் உன் காதுக்குள் சொன்னால் அது நீதியில்லை.

மற்றவர்களும் வாசிக்கக்கூடும் என்பதால் உனக்குத் தெரிந்ததையும் சொல்லிவிடுகிறேன். ஒவ்வொரு வருடமும் உயர்தரப் பரீட்சைக்குச் சில மாதங்களுக்கு முன்னர் நாங்கள் முன்னோடிப் பரீட்சை ஒன்று வைப்போம். அதைத் திருத்தி முடித்ததும், ஒவ்வொரு பிள்ளைக்கும் உண்மையான பரீட்சையில் என்ன தரம் வரும் என்று பாட ஆசிரியர் எழுதிக் கொடுக்க வேண்டும்: ஏ, பி, சி, அதற்குக் கீழே சாதாரண சித்தியான எஸ், பிறகு எஃப். எங்களுடைய பாடசாலையில் இதைப் பென்சிலால்தான் எழுதுவது. பேனாவால் எழுதுகிற உரிமை அதிபருக்கு. அவர் கதவைச் சாத்திக்கொண்டு எங்கள் எழுத்துகளுக்கு மேலே மையால் எழுதும்போது பலதை ஒரு படி இறக்கிவிடுவார். பெறுபேறு வந்ததும் வலயக் கல்விப் பணிமனைக்கு "எதிர்பார்த்ததைவிடக் கூட" என்று அறிக்கை அனுப்பலாம் அல்லவா. ஒரு வருடம் பணிமனையில் இருந்து, ஏன் இவ்வளவு குறைவாக எதிர்பார்க்கிறீர்கள் என்று விளக்கம் கேட்டு எழுதிவிட்டார்கள். அடுத்த வருடம் அதே பேனா எல்லோரையும் ஒரு படி ஏற்றிவிட்டது. பிள்ளைகளின் படிப்பு மட்டும் எப்போதும்போலத்தான். இவ்வளவும் வெறும் கடதாசி விளையாட்டு என்றால் நான் சிரித்துவிட்டுப் போயிருப்பேன். ஆனால் போர்நிறுத்தத்தோடு எங்கள் பக்கப் பாதை திறந்த பிறகு வவுனியாவில் இரண்டு கிழமைக் கருத்தரங்கு நடத்தத் தொடங்கினார்கள். வெளியிலிருந்து விரிவுரையாளர்கள் வந்து கடந்தகால வினாத்தாள்களைச் செய்து காட்டுவார்கள். எங்கள் பாடசாலைக்கு ஒரு வான் வண்டி. விஞ்ஞானப் பிரிவுக்கு அதில் எட்டு இடம். அந்த எட்டுப் பேர் யார் என்பதை இந்தப் பட்டியல்தான் தீர்மானித்தது.

உன் கேள்விக்குப் பிறகு நான் செய்த முதல் வேலை, அலுமாரியின் மேல்தட்டில் இருந்த பழைய பட்டியல்களின் பிரதிகளை எடுத்ததுதான். யார் எப்போது என்ன எழுதினார்கள், என்ன சொன்னார்கள் என்பதற்குப் பிரதி வைத்திருப்பது என் பழக்கம். உன் அம்மா அதை ஒரு வருத்தம், நோய் என்று சொல்லுவாள். பாதை திறந்த வருடத்திலிருந்து போன வருடம் வரை நாலு வருடத்துப் பட்டியல்கள். பக்கத்தில் உண்மையான பெறுபேறுகளை வைத்துக்கொண்டு ஒவ்வொரு பெயராகப் பார்த்தேன். இதை ஏன் இத்தனை வருடமும் செய்யவில்லை என்பது எனக்கே ஆச்சரியம். ஆய்வுகூடத்தில் பிள்ளைகள் ஒரு வாசிப்பை இரண்டு முறை எடுக்காவிட்டால் கொப்பியை எறிகிறவன் நான். என் சொந்த வாசிப்பை ஒருமுறைகூடச் சரிபார்த்ததில்லை. என் எதிர்வுகூறல் பாதிக்கும் மேல் பிழை, பிள்ளை. ஒரு படி இரண்டு படி பிழையும் உண்டு, தலைகீழான பிழையும் உண்டு. எனக்கு முதலில் வந்தது கோபம். யார் மீது என்று தெரியாததால் கொஞ்ச நேரம் பரீட்சைத் திணைக்களத்தின் மீது கோபப்பட்டேன். பிறகு, எங்கே பிழைத்தேன் என்று அறிகிற ஆசை வந்தது. அந்த ஆசை வந்த பிறகு மூன்று நாள் எனக்குச் சாப்பாட்டு நேரம் தெரியவில்லை.

உன் வகுப்புக்கு முந்திய வகுப்பில் தவராணி என்று ஒரு பிள்ளை, முள்ளிவாய்க்காலில் இருந்து வருவாள். அவளுக்கு எஃப் என்று எழுதியிருக்கிறேன். அவளுக்கு வந்தது பி. விடைத்தாளை நினைவுபடுத்திப் பார்த்தேன். முன்னோடிப் பரீட்சையில் கடைசி இரண்டு கேள்விகளை அவள் தொடவே இல்லை. ஏனென்றால் அவள் வரும் பஸ் அரைமணி பிந்தியது. உண்மைப் பரீட்சைக்கு மண்டபத்துக்கு அருகில் மாமி வீட்டில் தங்கி எழுதினாள். நான் பஸ்ஸை அளந்துவிட்டு அதற்குத் தவராணி என்று பெயர் வைத்திருக்கிறேன். இன்னொரு வருடம் வகுப்பு முழுவதையும் குறைத்து எழுதியிருக்கிறேன். அந்த வருட வினாத்தாள் கையில் இருந்தது, எடுத்துப் பார்த்தேன். ரோனியோ மெசினில் உருட்டி அடித்தது. பென்சீன் வளையத்துக்குள் இருக்க வேண்டிய இரட்டைப் பிணைப்புக் கோடுகள் விழவே இல்லை. வெறும் அறுகோணம்தான் இருக்கிறது, அது வேறொரு சேர்வை. பிள்ளைகள் கண்ணால் கண்டதற்குச் சரியான விடை எழுதியிருக்கிறார்கள். நான் சிவப்புப் பேனாவால் வெட்டியிருக்கிறேன். முன்வரிசையில் ஒருவன் இருந்தான், மாணவத் தலைவன், என் கையெழுத்தைப் பார்த்துப் பழகி என்னைப்போலவே எழுதுவான். அவனுக்கு ஏ போட்டேன், எஸ் வந்தது. என் குறிப்புகளை வரி பிசகாமல் பாடமாக்கியிருந்தான். பரீட்சையில் என் குறிப்புகளைக் கேட்கவில்லை. இன்னொன்றும் கண்டேன், அதை எழுதக் கை கூசுகிறது. மலையகத் தேயிலைத் தோட்டங்களிலிருந்து வந்து இங்கே குடியேறிய குடும்பங்களின் பிள்ளைகளுக்கு நாலு வருடமும் ஒரு தரம் குறைத்தே போட்டு வந்திருக்கிறேன். அதற்கு அவர்களின் விடைத்தாள்களில் காரணம் இல்லை. காரணம் என்னிடம்தான் இருந்திருக்க வேண்டும். நான் அப்படிப்பட்ட ஆள் இல்லை என்றுதான் இவ்வளவு நாளும் நினைத்திருந்தேன்.

பிறகு உன் வருடத்துப் பட்டியலுக்கு வந்தேன். உன் பெயருக்கு நேரே எஸ். பெறுபேற்றிலும் எஸ். அச்சொட்டான பொருத்தம். அந்த வருடப் பட்டியலில் இவ்வளவு சுத்தமாகச் சரிவந்தவை மிகச் சில. அவற்றுள் ஒன்று உன்னுடையது. இதை ஒரு வெளியாள் பார்த்தால், தகப்பன் தன் பிள்ளையைத்தான் சரியாக அறிந்து வைத்திருக்கிறான் என்று சொல்லுவான். பிள்ளை, இந்த நாலு வருடத்திலும் நானே நம்பாமல் எழுதிய ஒரே எழுத்து அதுதான்.

இதைச் சொல்ல வேண்டுமென்றால் பௌதிக மாஸ்ரரைப் பற்றிச் சொல்ல வேண்டும். பிரதி அதிபர் பதவி எனக்கு வர வேண்டியது. சேவைக்காலம், பட்டம், எதை வைத்துப் பார்த்தாலும் எனக்கு. அவருக்குப் போனது. என்னோடு கம்பசில் படித்தவர்கள் கனடாவில் வீடு வாங்கிப் படம் அனுப்புகிற காலத்தில், எனக்கு இங்கே கிடைக்கக்கூடிய ஒரேயொரு கதிரையையும் இவர் எடுத்துக்கொண்டார் என்பதை நான் மறக்கவில்லை, மறக்கிற எண்ணமும் இல்லை. உன் வருடத்துக்கு முந்திய வருடம் அவர் தன் தமக்கையின் மகனுக்குப் பௌதிகத்தில் பி போட்டு வானில் ஏற்றினார். அவனுக்கு எஃப் வந்தது. பெறுபேறு வந்த அன்று ஆசிரியர் அறை நிறைந்திருந்தது. நான் தேத்தண்ணியைக் குடித்தபடி, "மாஸ்ரர், உங்கட மருமோன்ர பி வழியில எங்கயும் இறங்கிப்போட்டுதோ? ஓமந்தையில ஆமி செக்கிங்கில பறிச்சுப்போட்டாங்களோ?" என்று கேட்டேன். எல்லாரும் சிரித்தார்கள். அவர் சிரிக்கவில்லை. எனக்கு அன்று மத்தியானச் சோறு ருசித்தது. ஒரு மனுசனைச் சபையில் வைத்து வெட்டுகிற ருசி அது.

அடுத்த வருடம் நீ என் வகுப்பில் இருந்தாய். உன் முன்னோடி விடைத்தாளை மற்றவர்களுடையதைவிட இறுக்கித் திருத்தினேன். மற்றவர்களுக்கு விடுகிற அரைப் புள்ளியை உனக்கு விடவில்லை. அப்படியும் பி வந்தது, சந்தேகமில்லாத பி. பட்டியலை முன்னால் வைத்துக்கொண்டு மற்றப் பெயர்களை எழுதி, உன் பெயருக்கு வந்து, பி என்று எழுதினேன். எதிர்க் கதிரையில் பௌதிக மாஸ்ரர் இருந்தார். அவர் தலையை நிமிர்த்தவே இல்லை, கொப்பி திருத்திக்கொண்டே சொன்னார், "எழுதுங்கோ மாஸ்ரர், எழுதுங்கோ. நாங்கள் ஒருத்தரும் பாக்கேல்லை." அறையில் இருந்தவர்கள் சிரித்தார்கள். அது பெரிய சிரிப்புக்கூட இல்லை, மூக்கால் வந்த சிரிப்பு. நான் அழிறப்பரை எடுத்து அந்த பி-யை அழித்தேன். சி என்று எழுதியிருந்தாலும் போதும். ஆனால் நான் யாருக்கும் பாரபட்சம் பார்க்காதவன் என்று அவருக்குத் தெரிய வேண்டும், அதுவும் உடனே தெரிய வேண்டும். எஸ் என்று எழுதினேன். எழுதிய தாளை அவர் பக்கமாகத் திருப்பியும் வைத்தேன். அதிபர் அதற்கு மேலே மையால் எழுதினார். எஸ்ஸை இறக்கினால் எஃப் ஆகிவிடும் என்பதால் உன் எழுத்தை அவர் மாற்றவில்லை என்று நினைக்கிறேன்.

எட்டுப் பேரில் நீ இல்லை. பட்டியலை எதிர்பார்க்கும் தரங்களோடு சேர்த்தே அறிவித்தல் பலகையில் ஒட்டியிருந்தார்கள். யாரை ஏன் எடுத்தோம் என்று பெற்றோர் கேட்கக்கூடாது என்பதற்காக. அன்று பின்னேரம் நீ குசினி வாசலில் நின்று உன் அம்மாவுக்குத் தேங்காய் துருவிக் கொடுத்துக்கொண்டிருந்தாய். நான் கை கழுவ வந்தேன். நீ என்னைப் பார்க்காமல், "எஸ் எண்டாலும் பாஸ்தானே அப்பா" என்று கேட்டாய். நான் "ஓம்" என்றேன். அவ்வளவுதான் நமக்குள் அதைப் பற்றி நடந்த கதை. அந்த நேரத்தில் வாயைத் திறந்து ஒரு வசனம் சொல்லியிருக்கலாம். "பி எண்டுதான் எழுதினனான், பிறகு அழிச்சுப்போட்டன்" என்று சொல்ல எவ்வளவு நேரம் எடுக்கும்? சொன்னால் ஏன் அழித்தேன் என்று சொல்ல வேண்டி வரும். அதனால் சொல்லவில்லை. பரீட்சை வரைக்கும் நீ மேசையில் இருந்து படித்தாய். ஆனால் இரசாயனவியல் கொப்பியைத் தூக்கிக்கொண்டு என்னிடம் சந்தேகம் கேட்க வருவது அன்றோடு நின்றது. அதை நான் கவனித்தேன், பொறுப்பு வந்துவிட்டது, தானே செய்கிறாள் என்று எனக்கு நானே விளக்கம் சொன்னேன். பெறுபேறு வந்தது. உயிரியல் சி, பௌதிகம் பி, இரசாயனவியல் எஸ். பல்கலைக்கழக வெட்டுப்புள்ளிக்குச் சற்றுக் கீழே நின்றாய். போன வருடம் திரும்ப எழுதுவதற்கான விண்ணப்பம் வந்தபோது வேண்டாம் என்றாய். பிறகு வவுனியாவுக்குப் போனாய்.

இப்போது எனக்குள் ஓடுகிற கேள்வி இதுதான். பொய்யாக எழுதியது எப்படி உண்மையாக வந்தது? மூன்று விளக்கம் இருக்கலாம். ஒன்று, என் திருத்தம் பிழை, நீ உண்மையிலேயே எஸ்தான்; நான் பொய் என்று நினைத்து எழுதியது தற்செயலாகச் சரி. மற்றப் பெயர்களில் நான் பிழைத்த அளவைப் பார்த்தால் இதைத் தள்ளிவிட முடியாது. ஆனால் நீ அந்த விடைத்தாளில் சமநிலைத் தாக்கக் கணக்கை, நான் படிப்பித்த வழியில் இல்லாமல், உன்பாட்டில் இரண்டு வரியில் முடித்திருந்தாய். எஸ் எடுக்கிற பிள்ளை அதைச் செய்யாது. இரண்டாவது, கருத்தரங்குக்குப் போகாததால் குறைந்தது. அதையும் பார்த்தேன். வானில் போன எட்டுப் பேரில் பாதிப் பேர் எதிர்பார்த்ததைவிடக் குறையத்தான் எடுத்திருக்கிறார்கள். அந்த இரண்டு கிழமை அப்படியொரு மந்திரம் இல்லை. மூன்றாவது, நீ என்னை நம்பினாய். கெமிஸ்ரியில் அப்பாவுக்குத் தெரியாததா என்று நினைத்து, நான் எழுதிய இடத்தில் போய் இருந்துவிட்டாய். இந்த மூன்றில் எது என்று அறிய ஒரு வழி உண்டு. அந்த எழுத்து இல்லாமல் நீ திரும்பவும் எழுத வேண்டும். ஆய்வுகூடத்தில் என்றால் உடனே செய்து பார்ப்பேன். அறிய வேண்டும் என்ற ஆசை எனக்கு இருக்கிறது, ஒளிக்கவில்லை. ஆனால் என் ஆசைக்காக இன்னொரு வருடத்தைக் கொடு என்று உன்னிடம் கேட்க எனக்கு எந்த உரிமையும் இல்லை.

போன வியாழக்கிழமை பௌதிக மாஸ்ரரிடம் போனேன். அவர் வீட்டுப் படலையைத் திறப்பது இதுதான் முதல் தடவை. எனக்கு வேண்டியது ஒரு தகவல்தான். உன் வருடத்தில் அவர் உனக்குப் பௌதிகத்தில் பி என்று எழுதியிருந்தார். பி தான் வந்தது. அவருடைய மற்ற எதிர்வுகூறல்கள் என்னுடையதைப்போலவே கோணல்மாணல். இதை மட்டும் எப்படிச் சரியாகப் போட்டார்? வந்த காரணத்தைச் சொன்னேன். அவர் கதிரையைக் காட்டினார், நான் இருந்தேன். அவர் சொன்னார்: "நான் பிள்ளையைப் பாத்துப் போட்டன், மாஸ்ரர். நீங்கள் என்னைப் பாத்துப் போட்டியள்." அழித்த இடம் அவர் கண்ணில் பட்டிருக்கிறது. தாள் அந்த இடத்தில் மெலிந்து போயிருந்ததாம். அப்படியென்றால் அன்றே ஏன் சொல்லவில்லை என்று கேட்டேன். "சொன்னா இன்னும் ஒரு படி இறக்கியிருப்பியள்" என்றார். சரியாகச் சொன்னதற்கும் சேர்த்து எனக்கு அவரைப் பிடிக்கவில்லை. ஆனால் எழும்பிப் போகவில்லை. அவர் மனைவி கொண்டுவந்த தேத்தண்ணியைக் குடித்து முடிக்கும்வரை இருந்தேன். பிறகு அவரிடம் ஒரு உதவி கேட்டேன். வவுனியாவில் இரசாயனவியல் படிப்பிக்கிற ஆட்களில் நல்லவர் யார், பிள்ளையின் பழைய தரங்களைக் கேட்காமல் சேர்க்கிற ஆள் யார் என்று. அவர் உள்ளே போய் ஒரு ரீச்சரின் பெயரையும் விலாசத்தையும் எழுதிக்கொண்டு வந்து தந்தார். அவரிடம் நன்றி என்று சொன்னேன். அந்தச் சொல் என் வாயால் அவருக்குப் போனது அவருக்கே நம்ப முடியாமல் இருந்திருக்கும்.

வீட்டுக்கு வந்து உன் அம்மாவிடம் எல்லாவற்றையும் சொன்னேன். அவள் மடித்துக்கொண்டிருந்த உடுப்பைக் கீழே வைத்தாள். நான் சண்டையை எதிர்பார்த்தேன். "எனக்குச் சொல்லி என்ன பிரயோசனம்? அவளுக்கு எழுதுங்கோ" என்றாள். இரண்டு நாளாகச் சோற்றைப் போட்டு வைக்கிறாள், கதை இல்லை. நியாயம்தான்.

உன் கேள்விக்கு வருகிறேன். என்ன வரும் என்று எனக்குத் தெரியாது. இதைத் தட்டிக் கழிப்பதற்காகச் சொல்லவில்லை. நாலு வருடக் கடதாசியை வைத்துப் பார்த்துவிட்டுத்தான் சொல்கிறேன். இப்போது பி வரும் என்று எழுதினால் உனக்குச் சந்தோசமாக இருக்கும், எனக்கும் ஆறுதலாக இருக்கும். ஆனால் அதுவும் நான் போடுகிற ஒரு எழுத்துத்தான். அதையும் நீ தூக்கிச் சுமக்க வேண்டி வரும். எனக்குத் தெரிந்தது நடந்ததைப் பற்றி மட்டும்: அன்றைக்கு நீ எழுதிய தாளுக்கு பி. அதில் எனக்குச் சந்தேகமில்லை. தனிப்பட்ட பரீட்சார்த்திக்குரிய விண்ணப்பப் படிவத்தை இதனோடு வைத்திருக்கிறேன். ஒரு கட்டத்தைக்கூட நான் நிரப்பவில்லை. முடிவுத் திகதி அதிலேயே இருக்கிறது, வருகிற மாத நடுப்பகுதி. ரீச்சரின் விலாசம் படிவத்தின் பின்னால் குத்தியிருக்கிறது. நானா உன்னை மருந்தாளர் உதவியாளர் படிப்புக்கு அனுப்பக் கேட்டாரென்று சொன்னாயே, அதுவும் நல்ல வழிதான். உன் கைக்கும் நிதானத்துக்கும் பொருந்தும் வேலை அது. அந்த வேலை உனக்குப் பிடித்திருக்கிறது என்பதால் படிவத்தைக் கிழித்து எறிந்தால் நான் ஒரு சொல்லும் சொல்ல மாட்டேன். முடிவை எனக்கு அறிவிக்க வேண்டும் என்றும் இல்லை.

ஆனால் கெமிஸ்ரி உனக்கு வராது என்று நினைத்து அதைக் கிழிக்காதே. வராது என்று உன்னைப் பார்த்து ஒருவரும் சொல்லவில்லை, பிள்ளை. அந்த எஸ் உன்னைப் பார்த்துப் போட்டதல்ல. எந்தப் பக்கம் போவதானாலும் போ. அந்த எஸ்ஸை மட்டும் என்னிடம் விட்டுவிட்டுப் போ.

அப்பா
புதுக்குடியிருப்பு